பிளாங்க் ஜாடி

முதல் ஜாடியோட மூடியே தொறக்க மாட்டேங்கு. ரெண்டரை வருசமா இறுகிக் கெடந்த மூடி. பேச்சிமுத்து அத வயித்தோட அணைச்சுப் பிடிச்சுத் திருகுதான், மூடி அசையக் காணும், இவன் தோள்பட்டதான் களண்டு வருது. கல்யாண ரிசப்ஷன்ல மைக்கத் தூக்கிப் பிடிச்சு, மாப்ளை பொண்ணு மாமியாரு எல்லாரையும் சேத்து ஆட வைக்கித கை இது, ஒரு ஜாடிகிட்டத் தோத்துப் போய் நிக்கி. பின்னால ஸ்டூல்ல சாஞ்சிருக்க சம்முவம் அண்ணாச்சி, இந்த லேபுக்கு அட்டெண்டரு, "எல, உள்ள பூதமா இருக்கு? அமுக்கித் திருகுல"ங்காரு. "பூதம்னா நாம வரம் கேக்கலாம் அண்ணாச்சி, உள்ள இருக்கது கரிசல் மண்ணு, அது நம்மகிட்டலா வரம் கேக்கும்"னு வாய் தன்னால சொல்லிட்டு. சொன்ன பொறவுதான் மனசு, ஏம்ல, இங்கயுமான்னு கேக்கு. எப்பவும் இப்பிடித்தான், வாய் முன்னால ஓடிப் போய்த் துண்டு போட்டு எடம் பிடிச்சிரும், மனசு கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே வரும். இன்னைக்கு ஒரு நாளாவது அப்பிடி ஆவக் கூடாதுன்னு காலைல பஸ் ஏறும்போதே நெனச்சிருந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இவன்கூடப் படிச்சு இப்பவும் இங்கயே ஆராய்ச்சி பண்ணுத கனி திரும்பிப் பாக்கல. வெள்ளக் கோட்டு முதுவு மட்டும் தெரியுது. இவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும், முன்னாலன்னா அந்த முதுவு குலுங்கும், முதுவப் பாத்தே அவ சிரிக்காளா இல்லையான்னு இவன் சொல்லிருவான். இப்ப அது சுவரு மாதிரி நிக்கி. ஒரு வழியா மூடி புஸ்ஸுன்னு களண்டு வந்துட்டு, ஈரச் சாக்கு வாடை, பூட்டிக் கெடந்த வீட்டு வாடை. உள்ள மண்ணு மேல ஒரு சின்னக் குப்பி குத்த வச்சு உக்காந்திருக்கு, அன்னைக்கு ஊத்தி வச்ச காஸ்டிக் சோடாத் தண்ணி ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்துப் போய்க் கெடக்கு. அப்ப இவன் போன பொறவும் இந்த மண்ணு மூச்சு விட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. கேக்க ஆளில்லாம.

கைடு நல்லசிவன் சார் ஒண்ணும் திட்டல, அதுதான் சங்கடமா இருக்கு. திட்டுனா பதிலுக்கு எதாவது சொல்லிச் சிரிக்க வச்சிரலாம். எம்மெஸ்சிய பாதியில விட்டுட்டு ஓடுனவன், ஒரிஜினல் சர்டிபிகேட்டு பூராவும் காலேஜ்ல மாட்டிக் கெடக்கு, மஸ்கட்ல ஒரு பேரீச்சந் தோட்டத்துல சூப்பர்வைசர் வேல வந்திருக்கு, வெள்ளிக்கிழம பிளைட்டு, நோ டியூ பாரத்துல லேபுக் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கின்னு போய் நின்னா, மனுசன் கண்ணாடியக் களத்தித் தொடச்சு மாட்டிக்கிட்டு, "ஒஞ் ஜாடியெல்லாம் இன்னும் அலமாரியிலதான் இருக்கு. நீயே கழுவி, கவுத்தி வச்சிட்டு வா. கனிய ஒரு வாட்டி பாக்கச் சொல்லு, பொறவு போடுதேன்"னுட்டாரு. அவ்வளவுதான். ஜாடி பூராத்துலயும் இவன் கையெழுத்து, கோழி கிண்டுன மாதிரி. வேற யாராவதுன்னா என்னைக்கோ தூக்கிப் போட்டிருப்பாவ. யாரு போடாம வச்சிருந்தான்னு கேக்க இவனுக்குத் தைரியம் இல்ல. உள்ள வந்ததும் கனி, "வா. பக்கெட்டு அங்கன இருக்கு. மண்ண சிங்க்ல ஊத்தாத, குழாய் அடச்சிக்கிடும்"ன்னா. வா பேச்சின்னு சொல்லல, வாங்கன்னும் சொல்லல. வெறும் வா. தபால்காரனுக்குக்கூட அவ ஒரு அண்ணே சேப்பா. கரிசல் பக்கெட்டுல தொப்புன்னு விழுது, தண்ணியக் கண்டதும் ஊதிப் பெருத்துக் கையில ஒட்டுது, கண்ணாடியில ஒட்டுது, விடவே மாட்டேங்கு. சவம், மனுசனா பொறந்திருந்தா நல்ல வக்கீலா வந்திருக்கும். இத யாருகிட்டயாவது சொல்லணும்னு நாக்கு துடிக்கி. அண்ணாச்சி அரத் தூக்கத்துல இருக்காரு. இவன் நாக்கக் கடிச்சிக்கிட்டு அடுத்த ஜாடிய எடுக்கான்.

சொல்ல வந்தது ஒண்ணு, அது தொண்டையில நிக்கி, கையெழுத்துங்கது அதுக்கு ஒரு சாக்குதான். சொல்லாம பிளைட்டு ஏறிட்டா பொறவு சொல்லவே மாட்டான், அவன அவனுக்குத் தெரியாதா. மண்ணு மூச்சு விடுது, இதுதான் அவங்க ரெண்டு பேரும் படிச்ச படிப்பு. ஊர்ல கேட்டா அத்தமாரு சிரிக்கும், மண்ணு மூச்சு விடுதாம், குறட்டையும் விடுமால பேச்சின்னு. விடும். மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உசுரு, அது தின்னுட்டு மூச்சு விடும், அந்த மூச்ச ஜாடிக்குள்ள வச்சுப் பூட்டுனா குப்பியில இருக்க சோடாத் தண்ணி அதக் குடிச்சிரும், பொறவு ஆசிட்டச் சொட்டுச் சொட்டா விட்டு, எவ்வளவு குடிச்சிருக்குன்னு கணக்கு எடுக்கணும். ரோஸ் கலரு நின்னா இன்னும் ஒரு சொட்டு, போச்சுன்னா முடிஞ்சு. ஆனா மூச்சுன்னா மனுசன் மூச்சும் மூச்சுதானலா. ஜாடியத் தொறந்து குப்பிய எடுத்து மூடுத வரைக்கும் பக்கத்துல நிக்கவன் மூச்ச விட்டான்னா அதையும் சோடாத் தண்ணி குடிச்சிரும், அதுக்கு மண்ணு யாரு, பேச்சிமுத்து யாருன்னு தெரியாது. அதனால மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, மூச்ச அடக்கிட்டுத்தான் தொறக்கணும். கனிக்கு அது தானா வந்துட்டு. அவ கோயில் ஜெபத்துல நிக்க மாதிரி நிப்பா, குப்பி வெளிய வந்து மூடி ஏறுன பொறவுதான் நெஞ்சு எறங்கும். இவனுக்கு மூச்ச அடக்குனா பேச்சயும்லா அடக்கணும். பேச்சிமுத்துன்னு பேரு வச்சுக் கூட்டிட்டு வந்து வாய மூடுன்னா எங்க மூட. இருந்தாலும் மண்ணு இருக்க ஜாடின்னா கனி ஒரு பார்வ பாப்பா, அந்தப் பார்வைக்குப் பயந்து மூடிக்கிடுவான். மிச்சம் ஒரே ஒரு ஜாடி, மண்ணே இல்லாத ஜாடி, குப்பி மட்டும் உள்ள இருக்கும், அதுக்குப் பேரு பிளாங்க். ஜாடிக்குள்ள இருக்க காத்துலயே அந்த மூச்சு, கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் இருக்கும்லா, அந்தக் கொஞ்சத்தக் கழிக்கதுக்காக வைக்கது. அதக் கடைசியாத் தொறப்பாங்க. வேல முடிஞ்சாச்சு, கனி முகம் லேசாயிருக்கும், டீ குடிக்கப் போற நேரம். வெத்து ஜாடிதானேன்னு அத மடியில வச்சு, தொறந்து, குப்பிய வெளிய எடுத்து வச்சுக்கிட்டே இவன் கத சொல்லுவான். ஹாஸ்டல் சாம்பாருக்கு அஞ்சலி செலுத்துவான், டீன் நடக்க மாதிரி நடந்து காட்டுவான், கனி சிரிச்சுச் சிரிச்சு மேசையப் பிடிச்சுக்கிடுவா, கண்ணுல தண்ணி வரும், போதும்ல பேச்சி போதும்ல, வயிறு வலிக்கின்னு குப்பி மேலயே குனிஞ்சு சிரிப்பா. வெத்து ஜாடிதானே.

வெத்து ஜாடிதானே. இதோ அதுவும் வந்துட்டு. அலமாரி ஓரத்துல தூசி தட்டிக் கெடக்கு, மேல பிளாங்க்னு கனி எழுதுனது, அவ எழுத்து முத்து முத்தா இருக்கும். தூக்கிப் பாக்கான், உள்ள ஒண்ணும் இல்ல, குப்பிகூட இல்ல. இதுல கழுவ என்ன இருக்கு. அப்பிடியே ஓரமா வச்சிட்டு அடுத்த கரிசல எடுக்கான். இவனுக்குக் கரிசல், அவளுக்குத் தேரி. அவ ஊரு தேரிக்காட்டு ஓரம், செக்கச் செவேர்னு மணலு, மொளகாப் பொடியக் கொட்டி வச்ச மாதிரி, காத்தடிச்சா நடந்த தடம் அழிஞ்சு போவும். ஊர்ல சில பேரு குளத்துலருந்து கரம்ப மண்ணு, அதான் வண்டலு, அடிச்சு தேரியில பரத்துதாங்க, அது மணலோட பிடிச்சு உசுராவுதா, இல்ல காத்தோட போவுதா, அதுதான் அவ கேள்வி. மண்ணெடுக்க இவனும் கூடப் போனான். அவ அப்பா, கனமான ஆளு, பேச்சு கம்மி, ஃபிரிஜ்ல வச்ச மோரு குடுத்தாரு, இவன் ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு மூணாவதுக்கு டம்ளர நீட்டுனான், அவரு சிரிக்காம ஊத்துனாரு. ஊத்திக்கிட்டே, "தம்பி, கரம்ப அடிச்சா எங்க மண்ணு பிடிச்சிக்கிடுமா?"ன்னு கேட்டாரு. மகள்ட்ட கேக்கல, இவன்ட்ட கேட்டாரு. இவன், "அங்கிள், நாங்க என்ன ஜோசியமா பாக்கோம், ஜாடி சொல்லும் அங்கிள், ஜாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது"ன்னான். நல்லாச் சொன்ன தம்பின்னு அப்பத்தான் மொதத் தடவ சிரிச்சாரு. "அப்ப ஜாடி சொல்லட்டும். அது சொன்ன பொறவே லாரிக்குச் சொல்லுதேன்." ஜாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்னைக்குச் சொல்லும்போது எவ்வளவு ஷோக்கா இருந்துச்சு.

ஜாடி என்ன சொல்லிச்சு. மண்ணு ஜாடியில வந்த கணக்குலருந்து பிளாங்க்ல வந்த கணக்கக் கழிக்கணும், மிச்சந்தான் மண்ணோட மூச்சு. கரிசல் பணக்காரன், எவ்வளவு கழிச்சாலும் மிச்சம் இருந்துச்சு, யாருக்கும் ஒண்ணும் தெரியல. தேரி ஏழ. கழிச்சா மிச்சமே இல்ல, சில ஜாடியில சைபருக்குக் கீழ போச்சு. கரம்ப போட்ட தேரியும் அப்பிடித்தான். சார் ரெண்டு மட்டம் பாத்துட்டு, "பிடிக்கலம்மா, விட்டுரு, தலைப்ப மாத்திக்கிடுவோம்"னாரு. அன்னைக்கு செமினாரு. கனி மேடையில நின்னு அந்தக் கோட்டுப் படத்தக் காட்டுதா, தரையோட படுத்துக் கெடக்க கோடு, ஆஸ்பத்திரியில உசுரு போன பொறவு காட்டுமே அந்தக் கோடு. அவ குரல் லேசா நடுங்குது. ஹால் முழுக்க ஒரு மாதிரி அமைதி. அந்த அமைதி இருக்கே, அத இவனால தாங்கவே முடியாது, சின்னப் பிள்ளையிலருந்து முடியாது, வீட்டுல அப்பாவும் அம்மையும் பேசாம இருந்தாக்கூட இவன் நடுவுல போய்க் குட்டிக்கரணம் போடுவான். கடைசி பெஞ்சிலருந்து சொன்னான், "மண்ணு செத்துப் போச்சு, சரி, பதினாறு என்னைக்கு?" ஹாலு அதிந்துச்சு. சார்கூட வாயப் பொத்திக்கிட்டாரு. கனியும் சிரிச்சா. அதுதான், அந்த எடத்துல வந்து வந்து மாட்டுது. அவ சிரிக்காம இருந்திருந்தா இவன் அன்னைக்கே மன்னிப்புக் கேட்டிருப்பான். சிரிச்சா, கையில இருந்த பாயிண்டரு வெளிச்சம் சுவத்துல கெடந்து ஆடிச்சு, பொறவு அடுத்த படத்துக்குப் போயிட்டா. பதினாறு என்னைக்கு. அதுக்குப் பொறவு ஒரு வாரம் லீவு, பிரண்டு கல்யாணத்துல மைக்கப் பிடிக்க ஆளு இல்லன்னு போனவன், அந்தக் கைதட்டல்ல அப்பிடியே நின்னுட்டான். சொட்டுச் சொட்டா எண்ணுத வேலைக்கா நான் பொறந்தேன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டான். எல்லாவனும் ஆமான்னான். ஒருத்தன்கூட இல்லன்னு சொல்லல, சொல்லியிருந்தா என்ன.

பிளாங்க் விசயம் அப்ப தெரியாது. சத்தியமாத் தெரியாது. போன மாசம் ஒரு ஸ்கூல் ஆண்டு விழா, இவன்தான் மேடையில, மைக்கோட எக்சிபிஷனச் சுத்தி வாரான், ஒவ்வொரு மேசையிலயும் ஒரு கலாய்ப்பு. ஒரு பொட்டப் பிள்ள ஸ்ட்ரா போட்டு சுண்ணாம்புத் தண்ணியில ஊதுது, தெளிவா இருந்த தண்ணி பாலா மாறுது. "அங்கிள், மூச்சுல இருக்கது இதுல போய் ஒட்டிக்கிடும், நீங்க ஊதிப் பாருங்க"ன்னுச்சு. இவன், நான் ஊதுனா தயிராயிரும் பாப்பான்னு சொல்ல வாயத் தொறந்தான். தொறந்த வாய் தொறந்தபடி நின்னுட்டு. மைக்கு கையில இருக்கு, சனம் பூரா சிரிக்கதுக்கு ரெடியாப் பாக்கு, இவனுக்கு அந்த வெள்ளக் குப்பிதான் தெரியுது, மேசையில தொறந்து வச்ச குப்பி, அது மேல இவன் வாய், டீன் நடையும் ஹாஸ்டல் சாம்பாரும் அதுக்குள்ளலா போச்சு. பிளாங்க் வெத்து இல்ல. பிளாங்க் முழுக்க இவன்தான் இருந்திருக்கான். அவ மண்ணுலருந்து இவனத்தான் கழிச்சிருக்காவ, இவன் பேசுன பேச்சக் கழிக்கதுக்கு அந்த ஏழ மண்ணுகிட்ட இருந்த மூச்சு காணல. மண்ணு சாகல. அன்னைக்கே கனிக்குப் போன் போட்டிருக்கலாம். வாய்ஸ் மெசேஜ் பேசுனான், பேசிட்டு ஒரு வாட்டி கேட்டுப் பாத்தான், மேடையில பேசுத கொரல் மாதிரியே இருந்துச்சு, நடுவுல ரெண்டு எடத்துல சிரிப்பு வேற. அழிச்சிட்டான். திரும்பப் பேசுனான், அழிச்சான். எழுதிப் பாத்தான், எழுத்துலயும் நக்கல் அடிக்கான், இந்தக் கைய என்ன செய்ய. அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோ. தெரியாதுன்னா இவன் சொல்லித்தான் தெரியணும், அது கொடும. தெரியும்னா இவ்வளவு நாளாத் தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலன்னு ஆவும், அது அதவிடக் கொடும. இந்த ரெண்டுக்கும் நடுவுலயே ஒரு மாசமா போய்ட்டுப் போய்ட்டு வாரான்.

ஜாடியெல்லாம் கவுத்தியாச்சு. வெயிலு ஜன்னல் வழியா வந்து ஜாடி மேல விழுது, பக்கெட்டு நெறையக் கரிசல், நகத்துக்குள்ள கரிசல், சட்டைக் கையில கரிசல். "முடிஞ்சால?"ன்னு அண்ணாச்சி கொட்டாவி விட்டாரு. "முடிஞ்சு அண்ணாச்சி." அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லல, அண்ணாச்சியே ஒரு கண்ணத் தொறந்து பாக்காரு, ஒடம்புக்குச் சரியில்லையோன்னு. கைய பேண்ட்ல தொடச்சிக்கிட்டுத் தடுப்புக் கதவத் தள்ளுதான். வாய் ரெடியா ஒண்ண எடுத்து நீட்டுது, மேடம், வேலைக்காரன் வந்திருக்கேன், பாத்திரம் தேச்சாச்சு. முழுங்குதான். கனி, அந்த பிளாங்க் ஜாடி, அப்பிடித்தான் ஆரம்பிக்கணும். கால உள்ள வச்சதும் அவ திரும்பாமலே ஒத்தக் கைய ஒசத்திக் காட்டுதா. நில்லு. பேசாத.

ஜாடி தொறந்திருக்கு. அவ முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கு, நெஞ்சு அசையல. இவன் மூச்ச அடக்குதான். இடுக்கியால குப்பியப் பிடிக்கா, பைய, அவசரமே இல்லாம. இவனுக்குக் காது அடைக்கி. ஜாடிக்குள்ள இருக்க மண்ண அப்பத்தான் பாக்கான். செவப்பு. மொளகாப் பொடிச் செவப்பு. மேசை பூரா வரிசையா செவப்பு ஜாடி. தேரி. கனி தலைப்ப மாத்திட்டான்னுலா சொன்னாங்க, யாரு சொன்னா, நெஞ்சு முட்டுது, ஒரு பேச்சு, ஒரு தும்மல், எதாவது வெளிய வந்துருமோன்னு வாயக் கையால பொத்துதான், கையில கரிசல் வாடை. கதவோரம் நிக்கவன் மூச்சு அங்க மட்டும் போவுமா என்ன, போவாது, தெரியும், ஆனாலும் விட மாட்டேங்கான், கண்ணுல பூச்சி பறக்கு. இவ்வளவு நேரமா, இவ்வளவு நேரமா ஒவ்வொரு ஜாடிக்கும் இவ நின்னிருக்கா. குப்பி வெளிய வந்துட்டு. மூடி ஏறிட்டு. குப்பிக்கும் ஒரு மூடியப் போட்டு அமுக்கிட்டுத்தான் கனி மூச்ச விட்டா. இவன் சுவத்தப் பிடிச்சிக்கிட்டு இரைக்கான்.

"ம். இப்ப பேசு."

"கனி, அந்த பிளாங்க் ஜாடி..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ போன பொறவு எல்லாத்தையும் மொதல்லருந்து வச்சேன். சும்மா, மனசு கேக்காம. அந்தச் செட்டுல பிளாங்க் பிளாங்காவே வந்துச்சு." குப்பியில ஒட்டுன செவப்ப அவ துணியால தொடைக்கா. "ஒடனே தெரிஞ்சு போச்சு, லேப்ல என்ன கொறஞ்சிருக்குன்னு."

"என் மூச்சுதாம்ட்டி. பூராவும் என் மூச்சு."

"ஒன்னது மட்டுமா. நீ பேசுன, நான் சிரிச்சேன். பாதி என்னதா இருக்கும்." சொல்லிட்டு அவ சிரிப்பான்னு இவன் பாக்கான். சிரிக்கல.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா எங்கிட்ட."

"சொன்னா? நீ அதையும் ஒரு ஜோக்கா ஆக்கியிருப்ப பேச்சி. நல்ல ஜோக்காத்தான் இருந்திருக்கும். எனக்கு அதத் தாங்க முடியாது."

பேச்சின்னு சொல்லிட்டா. காலையிலருந்து அதுக்குத்தான் காத்துக் கெடந்தான், வந்த எடம் இப்பிடி இருக்கும்னு நெனைக்கல. "சரி, மண்ணு சாகலைல்லா," இவன் அவசரமாச் சொல்லுதான், விழப் போற பொருள எட்டிப் பிடிக்க மாதிரி, "கரம்ப பிடிக்கிலா? அப்ப அங்கிள் லாரிக்குச் சொல்லியாச்சா?"

கனி வரிசையில ஒரு ஜாடிய எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கா. "பிடிக்கி. நல்லாப் பிடிக்கி. கணக்கு கையில வந்தப்ப அப்பா நிலத்த சோலார்காரனுக்கு எழுதிக் குடுத்து ஒரு மாசம் ஆயிருந்துச்சு. மண்ணு பிடிக்காதுன்னு ஜாடியே சொல்லிட்டு, இனி என்னத்துக்கு வச்சிருக்கணும்னு அவரே போய்க் குடுத்துட்டாரு. இப்ப கம்பியும் கண்ணாடியுமா நிக்கி. குடுக்கதுக்கு முன்னால ஒரு சாக்கு மட்டும் அள்ளிட்டு வந்தேன், அதுதான் இது." ஜாடிய எடத்துல வச்சா. "ஒன்ன இன்னும் கேப்பாரு அப்பா. அந்த மோரு குடிச்ச பையன் நல்லாப் பேசுவானேன்னு."

இவன் வாயத் தொறக்கான். ஒண்ணும் இல்ல. எத்தன மேடை, எத்தன கைதட்டு, எங்க கை விட்டாலும் ஒண்ணு தட்டுப்படும், இப்ப துழாவுதான், அடி வரைக்கும் துழாவுதான், வெறுந் தர. கனி கண்ணாடி வழியா சிங்க் பக்கம் எட்டிப் பாக்கா, கவுத்தி வச்ச ஜாடியெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டே வந்து ஓரத்துல நிக்கா.

"அது கழுவலையா?"

"அது பிளாங்க். அதுல ஒண்ணும்..."

"பிளாங்கத்தான்ல நல்லாக் கழுவணும்."

கோவமாச் சொல்லல. புதுசாச் சேந்த பிள்ளைக்குச் சொல்லுத மாதிரிச் சொன்னா. சொல்லிட்டு அடுத்த ஜாடிப் பக்கம் திரும்பிட்டா, கை ஒசந்துட்டு, இவன் கதவச் சத்தமில்லாம சாத்திட்டு வெளிய வாரான். பிளாங்க எடுக்கான். தூசியத் தொடைக்கான். மூடி லேசாத் தொறந்துக்கிட்டு, ஒரு திருகுதான், அது ஒண்ணுதான் இறுகாம இருந்திருக்கு. தண்ணி விட்டு, பிரஷ உள்ள விட்டு, அடியத் தேய்க்கான், கழுத்தத் தேய்க்கான், மூடியோட உள் விளிம்பத் தேய்க்கான். "என்னல, சத்தத்தையே காணும்?"ங்காரு சம்முவம் அண்ணாச்சி. "மஸ்கட்டுக்கு இப்பவே போயிட்டியோ?" நல்ல பந்து, அடிச்சா சிக்சரு. பேச்சிமுத்து முகத்த ஜன்னல் பக்கம் திருப்பி, மூச்ச அடக்கிக்கிட்டு, ஒண்ணுமில்லாத ஜாடியத் திரும்பவும் மொதல்லருந்து கழுவுதான்.